அரசவை இசைவாணரின் ஊதியமும் நம் பறையின் உரிமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



அரசவை இசைப்புலவர்களின் வாழ்வும் தொழிலும் என்பது இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதைக் கேட்டவுடன், "கல்விச் சங்கத்தின் மேடையில் அரண்மனைச் சங்கீதத்திற்கு என்ன வேலை?" என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. இவ்விழாவில் பறை முழங்க வேண்டுமா, கூடாதா என்பது பற்றிச் சங்கத்திற்குள் சில வாரங்களாக வாதம் நடந்ததை அனைவரும் அறிவோம். "நம் தந்தையர் பெரும்பாடுபட்டுக் கழுத்திலிருந்து இறக்கிய பறையை மீண்டும் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?" என்பது மூத்தோர் கேள்வி. "அது நம் கலையல்லவா, அதை ஏன் இழக்க வேண்டும்?" என்பது இளைஞர் கேள்வி. இரண்டிலும் நியாயம் இருக்கின்றது. ஆகவே, உயர்ந்த கலை என்று இன்று உலகம் போற்றும் ஓர் இசை எவ்வாறு அந்த உயர்வைப் பெற்றது, அதைப் படைத்தோர் எவ்வாறு உண்டார்கள், உடுத்தார்கள், யாரிடம் கைகட்டி நின்றார்கள் என்பதை முதலில் ஆராய்வோம். அதன்பின் நம் கேள்விக்கு விடை காண்பது எளிதாகும்.

இசையும் ஒரு தொழிலே

சங்கீதம் என்றால் தெய்வ அருளால் தானாகப் பொங்கி வருவது என்று கதைகள் சொல்வர். அருள் இருக்கலாம், ஆனால் அரிசியும் வேண்டும். ஒருவன் நாள்தோறும் ஆறு மணி நேரம் பாடிப் பழக வேண்டுமானால், அந்த ஆறு மணி நேரமும் அவன் வயலில் இறங்காமலிருக்க வேண்டும். அவனுக்குப் பதிலாக வேறொருவர் வயலில் இறங்கியிருக்க வேண்டும். இந்த எளிய கணக்கை மறவாமல் மேலே செல்வோம்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். 1010-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலின் சுவரில் முதலாம் இராசராசன் ஒரு நீண்ட பட்டியலைப் பொறித்து வைத்தான். கோயிற் பணிக்கென்று பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அதில் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு, பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்வோர், பாடுவோர், கொட்டுவோர் முதலியோருக்கும் பங்குகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒருவர் இறந்தால் அவருடைய உறவினர் தகுதியிருப்பின் அப்பங்கைப் பெறலாம். தகுதியில்லையேல் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்ற விதியும் கூறப்பட்டுள்ளது. இன்றைய மொழியில் சொன்னால், நியமன ஆணையும் ஊதிய விகிதமும் வாரிசுப் பணி விதியும் கல்லிலே இருக்கின்றன.

அதே கோயிற் கல்வெட்டுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கில், வரி நீங்கலாக ஒதுக்கப்பட்ட இடங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் எழுதப்பட்டுள்ளன. ஆடியவர் பெயரும் அவர் பெறும் நெல்லும் ஒவ்வொன்றாகப் பதிவாயின. அந்நெல்லை விளைவித்தவர் பெயர் பதிவாகவில்லை. அவர் குடியிருந்த சேரி மட்டுமே பதிவாயிற்று. இளைஞர்கள் தஞ்சைக்குச் சென்றால் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிடாமல், சுவரில் உள்ள இந்தக் கணக்கையும் கேட்டறிந்து வர வேண்டும்.

தஞ்சை நால்வர்

இனி அரண்மனைக்கு வருவோம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னருள் இரண்டாம் சரபோசி (1798–1832) பெயர் பெற்றவர். 1799-இல் ஆட்சிப் பொறுப்பைக் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டையையும் உதவித் தொகையையும் மட்டும் வைத்துக்கொண்டவர். படை நடத்தும் வேலை போனபின் ஏடுகளையும் கலைகளையும் பேணினார். சரசுவதி மகால் நூலகம் அவர் காலத்தில் பெரிதும் வளர்ந்தது. தஞ்சை அரண்மனையின் மோடி எழுத்து ஆவணங்களைப் பார்த்தால், பாடகர், ஆடல் மகளிர், வாத்தியக்காரர் ஆகியோருக்குக் கொடுத்த சம்பளமும் வெகுமதியும் நாட்கணக்காக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

அந்த அவையில் வாழ்ந்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு உடன்பிறந்தோர். பரம்பரை நட்டுவனார் குடும்பத்தில் பிறந்து, முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். அலாரிப்பு, ஜதிசுரம், சப்தம், வர்ணம், தில்லானா என்று இன்று பரதநாட்டிய மேடையில் நிகழும் வரிசை அவர்கள் வகுத்த ஒழுங்கேயாகும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் அரங்கேறும் பெண்பிள்ளைகள் இன்றும் அவர்கள் இட்ட வழியில்தான் நடக்கின்றார்கள்.

அவர்களுடைய வேலை என்ன? காலையில் மாணவியர்க்கு அடவு சொல்லிக்கொடுக்க வேண்டும். அரசவையில் ஆடல் நிகழும்போது தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்ய வேண்டும். மன்னர் பிறந்தநாள், திருமணம், திருவிழா என்று ஒவ்வொரு வேளைக்கும் புதிய உருப்படி அமைக்க வேண்டும். பாட்டின் தலைவனாக இறைவனை வைப்பதுண்டு; ஊதியம் தரும் மன்னனையே வைப்பதும் உண்டு. மன்னன் மகிழ்ந்தால் சால்வை, தோடா, இனாம் நிலம். மனம் கோணினால்? நால்வருக்கும் மன்னருக்கும் மனவேற்றுமை தோன்றியதால் அவர்கள் தஞ்சையை விட்டு நீங்கினர் என்று மரபுவழிச் செய்தி கூறுகின்றது. வடிவேலு திருவிதாங்கூர் சென்று சுவாதித் திருநாள் மன்னரின் அவையில் சேர்ந்தார். அப்போது புதிதாக வந்திருந்த வயலின் என்னும் ஐரோப்பியக் கருவியில் அவர் காட்டிய திறமையை வியந்து, 1834-இல் மன்னர் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். மூத்தவர் சின்னையா மைசூர் அரண்மனையை நாடினார். கலை ஒன்றே, முதலாளிகள் மட்டும் மாறினர்.

மணலியும் திருத்தணியும்

இவையெல்லாம் தஞ்சைச் செய்தி, நம் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டா. நாம் நாள்தோறும் சென்னைக்குச் செல்லும் ரயில் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் கடந்து திருவொற்றியூரை அடைகின்றது. அதற்கு அண்மையில் உள்ளது மணலி. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளால் அறியப்படும் அவ்வூரில், பதினெட்டாம் நூற்றாண்டில், கும்பினியாரிடம் துபாசியாக இருந்து செல்வம் சேர்த்த முத்துக்கிருட்டிண முதலியார் இசைவாணர்களை ஆதரித்தார். இராம நாடகத்தைத் தமிழில் பாடிய அருணாசலக் கவிராயர் (1711–1779) அவருடைய ஆதரவைப் பெற்றவர். அம்சத்துவனி இராகத்தை வகுத்த இராமசாமி தீட்சிதர் தம் குடும்பத்துடன் மணலிக்கு வந்து அவருடைய ஆதரவில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள், புனித சார்ச்சு கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த பேண்டு இசையைக் கேட்டார்கள். மூத்தவராகிய முத்துசாமி அந்த மெட்டுகளுக்குச் சமற்கிருதச் சொற்களை அமைத்தார். அவை நோட்டு சுர சாகித்தியங்கள் எனப்படுகின்றன. தம்பி பாலுசாமி வயலின் கற்றார். இன்று கருநாடக இசைக் கச்சேரி வயலின் இன்றி நடவாது. அதைக் கற்றுத் தென்னாட்டு இசையில் சேர்த்த முதல்வருள் ஒருவரான பாலுசாமியின் இளமை மணலியில் கழிந்தது என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும். முத்துசாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடியது நம் மாவட்டத்துத் திருத்தணி மலையில் என்பதும் வழிவழிச் செய்தி.

தீட்சிதர் நிலையான அரண்மனை வேலை எதையும் கொள்ளாமல் தலந்தோறும் சென்று பாடினார். தம்பியோ எட்டயபுரம் அரண்மனையில் ஆத்தான வித்துவானாக அமர்ந்தார். தம்பி இருந்த அந்த எட்டயபுரத்தில்தான் 1835-இல் தீபாவளி நாளில் தீட்சிதர் மறைந்தார். ஊதியம் வேண்டாதவருக்கும் இறுதியில் ஊதியம் பெற்ற தம்பியின் ஊர் நிழல் தந்தது.

மறுத்தவரும் கற்றபின்பே மறுத்தார்

அரண்மனையை மறுத்தவர் என்று எல்லாரும் போற்றுவது திருவையாற்றுத் தியாகராசரை (1767–1847). சரபோசி மன்னர் பொன்னும் பொருளும் அனுப்பியும் ஏற்காமல், உஞ்சவிருத்தி எடுத்து உண்டு, இறைவனையே பாடினார் என்று கூறுவர். கல்யாணி இராகத்தில் அமைந்த "நிதி சால சுகமா" என்னும் கீர்த்தனை அந்த மறுப்பிலிருந்து பிறந்தது என்பர். மறுப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்; அதில் ஐயமில்லை.

ஆனால் ஒன்றை நோக்குக. தியாகராசருக்கு இசை கற்பித்த சொண்டி வேங்கடரமணையர் தஞ்சை அரசவை வித்துவான். அரசன் ஊதியம் கொடுத்து வளர்த்த வித்தை, அந்த ஆசிரியர் வழியாகத் தியாகராசரை அடைந்தது. அன்றியும் அவர் வீதியில் பாடிச் சென்றபோது வீட்டார் மதிப்போடு அரிசி இட்டார்கள். நம் முன்னோர் ஒருவர் அதே வீதியில் பாடிக்கொண்டு நடந்திருந்தால் அரிசி கிடைத்திருக்காது. நடப்பதற்கே உரிமை இருந்திருக்காது. வறுமையை விரும்பி ஏற்பது ஒன்று. வறுமையில் கட்டிப்போடப்படுவது வேறொன்று. கல்வியும் மதிப்பும் பெற்றவனால் மட்டுமே "வேண்டாம்" என்று சொல்ல முடியும். நம் சங்கம் கல்விச் சங்கமாகத் தொடங்கப்பட்டதன் பொருளும் இதுவே.

சீருடை அணிந்த மேதை

நம் நாட்டில்தான் இவ்வாறு என்று கருத வேண்டா. ஐரோப்பாவிலும் இசைப்புலவர் நிலை இதுவாகவே இருந்தது. ஆத்திரிய நாட்டில் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சரின் மகனாகப் பிறந்த ஐடன் என்னும் இசைமேதை, 1761-இல் எஸ்டர்காசிக் குறுநில மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய நியமனப் பத்திரம் இன்றும் கிடைக்கின்றது. அரண்மனைச் சீருடையில் இருக்க வேண்டும். முற்பகலும் பிற்பகலும் முன்னறையில் வந்து நின்று இன்று இசை உண்டா என்று உத்தரவு கேட்க வேண்டும். பிரபு கட்டளையிடும் இசையை உடனுக்குடன் இயற்ற வேண்டும். இயற்றியதை வேறு எவருக்கும் படியெடுத்துத் தரக்கூடாது. அனுமதியின்றி வேறு எவருக்காகவும் இயற்றக்கூடாது. சிப்காட் வளாகத்தில் பணிபுரியும் நம் இளைஞர்கள் தத்தம் ஒப்பந்தத் தாளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1779-இல் புதுப்பித்த ஒப்பந்தத்தில், பிறருக்கு இயற்றக்கூடாது என்ற கட்டு நீங்கியது. அதன்பின் அவருடைய இசை அச்சாகி நாடெங்கும் பரவியது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அரண்மனையில் உழைத்தபின் இலண்டன் சென்று, சீட்டு வாங்கி வந்த பொதுமக்கள் முன் தம் இசையை நிகழ்த்திப் பெரும்புகழும் பொருளும் ஈட்டினார். செர்மன் நாட்டுப் பாக்கு என்பவர் 1717-இல் ஒரு பிரபுவின் வேலையிலிருந்து விலக விடாப்பிடியாக நின்றதற்காக ஏறத்தாழ நான்கு வாரம் சிறையில் வைக்கப்பட்டார். 1781-இல் மொசார்ட்டு தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், உணவு மேசையில் தம் எசமானரின் அறை ஏவலர்கள் மேலிடத்திலும் தாம் சமையற்காரருக்குச் சற்று மேலும் அமர்த்தப்படுவதைக் குறிப்பிட்டு வருந்தினார். அவ்வாண்டே அந்த வேலையை உதறினார்.

உலகம் வணங்கும் மேதைகளும் வேலைக்காரர்களாகவே நடத்தப்பட்டார்கள் என்றால், எந்தத் தொழிலும் பிறப்பாலே இழிந்ததும் அன்று, உயர்ந்ததும் அன்று என்பது விளங்கும். தொழிலுக்கு மதிப்பைத் தருவன ஊதியமும், உரிமையும், வேண்டாதபோது விலகும் விடுதலையும் ஆகும்.

அரசு சாய்ந்தபின்

அரண்மனையை நம்பிய கலைக்கு ஒரு பெருங்குறை உண்டு. தஞ்சையின் கடைசி மன்னர் சிவாசி 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். கும்பினியார் அந்த அரசை முடிவுக்குக் கொண்டுவந்தனர். அண்டியிருந்த பாடகரும் ஆடல் மகளிரும் வாத்தியக்காரரும் பிழைப்பை இழந்து, மைசூர், திருவனந்தபுரம், புதுக்கோட்டை, சென்னை என்று கலைந்தனர். பின்னர்ச் சென்னையில் சபாக்கள் தோன்றின. 1928-இல் மியூசிக் அகாடமி நிறுவப்பட்டது. மன்னர் இருந்த இடத்தில் சீட்டு வாங்கும் மக்கள் அமர்ந்தனர்.

அவ்வாறு கலைந்தபோதும் அந்த இசை அழியாமைக்குக் காரணம் எழுத்து. பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரராகிய சுப்பராம தீட்சிதர் (1839–1906) எட்டயபுரத்து அரண்மனை வித்துவான். குடும்பச் சொத்தாக இருந்த கீர்த்தனைகளைச் சுரக் குறிப்புகளோடு வெளியிட வேண்டுமென்று அவரை வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவ அன்பர். சென்னையில் அரசு அலுவலில் இருந்தவர். அரண்மனை பொருளுதவி செய்ய, 1904-இல் எட்டயபுரத்து அச்சகத்திலேயே சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூல் தெலுங்கில் வெளிவந்தது. பிற்காலத்தில் மியூசிக் அகாடமி அதைத் தமிழிலும் கொணர்ந்தது. அந்நூல் வந்திராவிடில் தீட்சிதர் பாடல்களிற் பல இன்று நமக்குக் கிடைத்திரா.

அரண்மனையின் கையை எதிர்பாராமல் உழைத்த ஒருவரையும் சொல்ல வேண்டும். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிச் சித்த மருத்துவத்தால் பொருளீட்டியவர். அப்பொருளைக் கொண்டு தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டி, தமிழிசையின் தொன்மையை ஆராய்ந்து 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் நூலை வெளியிட்டார். பட்டமும் பதவியும் மன்னர் தர வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

நெல்லை விளைத்தவர் யார்?

இப்போது தொடக்கத்தில் சொன்ன கணக்கிற்குத் திரும்புவோம். தளிச்சேரிப் பெண்டுகளின் 100 கலம் நெல், அரண்மனை வித்துவானின் இனாம் நிலத்து விளைச்சல், தியாகராசர் பெற்ற உஞ்சவிருத்தி அரிசி, இவையெல்லாம் காவிரிக்கரை வயலில் விளைந்தவை. அவ்வயலில் சேற்றில் நின்றவர்களுள் பெரும்பகுதியினர் நம் மக்கள். கும்பினி ஆட்சிப் பகுதியில் அடிமை முறை சட்டப்படி செல்லாது என்று ஆனதே 1843-இல்தான். வடிவேலுவுக்குத் தந்த வயலின் கிடைத்த திருவிதாங்கூரில் 1855-இல்தான் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. இசை மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த திருவாரூர் இருந்த அதே தஞ்சை மாவட்டத்தில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவர் குடும்பத்தினர் 44 பேர் 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழவெண்மணியில் தீக்கிரையாக்கப்பட்டனர். அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல்.

இன்னொன்றும் உண்டு. மிருதங்கத்தின் இருபுறமும் பேசுவது தோல். அத்தோலைப் பதம் பார்த்துத் தேர்ந்து, மூட்டி, வாரிழுத்து, நாதம் சேர்ப்போருள் பலர் நம் சமூகத்துக் கிறித்தவக் குடும்பத்தினர். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்து, தஞ்சைச் செபாஸ்டியன் வழியினர் ஆகியோரின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூலாகவே எழுதியுள்ளார். மேடையில் வாசித்தவர் பெயர் ஊரறியும். கருவியில் நாதத்தை ஏற்றியவர் பெயரை அறிய இத்தனை காலம் சென்றது.

ஆகவே இளைஞர்களே, அந்த இசை நமக்கு அயலானது என்று ஒதுங்கவும் வேண்டா. அது வானத்திலிருந்து இறங்கியது என்று மலைக்கவும் வேண்டா. அதில் நம் நெல் இருக்கின்றது. நம் கைத்திறன் இருக்கின்றது. பங்கு போட்டவன் கணக்குக் கேட்பது பிழையாகாது. கற்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

மானியம் இரு வகை

பறைக்கு வருவோம். பண்டை நாளில் பறைக்கு இழிவில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும்போது தொல்காப்பியம் பறையையும் ஒன்றாக வைத்தது. புறநானூற்று 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் இந்நான்கையன்றி வேறு குடியில்லை என்று உரைக்கின்றார். இடைக்காலத்தில் என்ன நேர்ந்தது? அரண்மனைக் கலைஞனுக்கும் மானியம் தந்தார்கள். நம் முன்னோருக்கும் வெட்டியான் மானியம் என்று ஒரு துண்டு நிலம் தந்தார்கள். பெயர் ஒன்று, பொருள் வேறு. அவனுக்குத் தந்த மானியம் கற்பதற்கு ஓய்வைத் தந்தது. நமக்குத் தந்த மானியம் ஓய்வையே பறித்தது. சாவு எந்நேரம் விழுந்தாலும் பறையோடு வந்து நிற்க வேண்டும், மறுக்க முடியாது, பேரம் பேச முடியாது, பிள்ளைக்கும் அதே கடமை. வடிவேலு தஞ்சையை விட்டுத் திருவனந்தபுரம் போக முடிந்தது. நம் பாட்டனார் ஊர் எல்லையைத் தாண்ட முடியவில்லை.

மராட்டிய நாட்டில் மகர் மக்களுக்கு இருந்த வதன் என்னும் முறையும் இத்தகையதே. சிறு நிலத்தைக் காட்டிக் குடும்பம் முழுவதையும் ஊருக்கு அடிமையாக்கும் கட்டு அது என்பதை உணர்ந்த அண்ணல் அம்பேத்கர், அதை மாற்ற 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். நம் பெரியோர் பறையைக் கீழே வைத்ததும் அதே அறிவால்தான். அவர்கள் வெறுத்தது தோலையும் சட்டத்தையும் அன்று. மறுக்க முடியாத ஏவலை. அதை வெறுத்தது நன்றே. அந்தப் போராட்டம் இன்றியிருந்தால் நாம் இந்த ஒலிபெருக்கியின் முன் நின்றிருக்க மாட்டோம்.

எனவே நம் வாதத்திற்கு விடை இதுவாகலாம். ஏவலுக்கு அடிக்கும் பறையை ஒருநாளும் தொட வேண்டா. எந்த ஊரில் எவர் அழைத்தாலும், கட்டாயம் என்ற சொல் வந்தால் மறுப்பதே கடன். விரும்பிக் கற்று, தன் மேடையில், தான் குறித்த ஊதியத்துக்கு முழக்கும் பறையை எவரும் தடுக்க வேண்டா. 2025-இல் மதுரை மாவட்டத்து அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசை ஆசான் வேலு அவர்களுக்கு நடுவணரசு பத்மசிறீ விருது வழங்கியது. பறை கலையே என்பதற்கு விருது சான்றாக வேண்டுவதில்லை. ஆயினும் காலம் மாறுவதற்கு அது ஓர் அடையாளம்.

சங்கம் செய்யத்தக்கவை

அரண்மனை தன் கலைஞனுக்குத் தந்தவை நான்கு: ஊதியம், கற்க ஓய்வு, ஆசான், எழுத்துப் பதிவு. நம் கலைக்கு இந்நான்கையும் தர அரண்மனை முன்வரவில்லை. இனி நாமே தர வேண்டும். அதற்காக வெள்ளி விழா ஆண்டில் சில பணிகளைச் சங்கத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, நம் விழாக்களில் பறை முழக்கும் குழுவினர்க்கு நாதசுரக் குழுவினர்க்குத் தரும் அதே முறையில் முன்பணமும் ஊதியமும் உணவும் இருக்கையும் தந்து, அழைப்பிதழில் அவர்தம் பெயரை அச்சிட வேண்டும். மதுவையோ இலவச மரியாதையையோ ஊதியத்துக்கு ஈடாக்கக் கூடாது.

இரண்டாவது, நம் ஊர்களில் இன்னும் வாழும் மூத்த கலைஞர்கள் அறிந்த அடிகளையும் சொற்கட்டுகளையும் பாட்டுகளையும் மாணவர்கள் ஒலிப்பதிவு செய்து, ஏட்டிலும் எழுத வேண்டும். அடியின் பெயர், எந்நிகழ்ச்சிக்குரியது, யாரிடம் கற்றார், ஆண்டு, ஊர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கலைஞர் விரும்பினால் மட்டுமே அவர் பெயரை வெளியிட வேண்டும். சுப்பராம தீட்சிதர் தம் குடும்பத்துக்குச் செய்ததை நாம் நம் குடிக்குச் செய்வோம். கைப்பேசி வைத்திராத இளைஞர் இன்று இல்லை. கருவி கையிலேயே இருக்கின்றது. ஒரு மூத்தவர் மறைந்தபின் அவருடைய அடியைத் தேடிப் பயனில்லை.

மூன்றாவது, குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில் ஆகியவற்றுள் ஆர்வமுடைய நம் பிள்ளைகளை அரசு நடத்தும் மாவட்ட இசைப்பள்ளிகளுக்கும் சென்னை இசைக் கல்லூரிக்கும் அனுப்ப ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகை ஒதுக்க வேண்டும். அப்பிள்ளை படிக்கும் காலத்தில் வீட்டு வருவாய் குறையும். பேருந்துக் கட்டணத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் பாதியில் திரும்பிவிடும். கற்பதற்குரிய ஓய்வையும் சேர்த்தே நாம் வாங்கித்தர வேண்டும் என்பதை உறுப்பினர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். பள்ளிப் படிப்பை இதற்காக எவரும் நிறுத்தக் கூடாது என்பதையும் ஆசிரியர் என்ற முறையில் வலியுறுத்துகின்றோம்.

நான்காவது, இதற்குரிய நிதி உறுப்பினர் சந்தாவிலிருந்தே தொடங்க வேண்டும். தொழிலதிபரும் அரசியல் தலைவரும் நன்கொடை தந்தால் நன்றியோடு பெறலாம். ஆனால் அவர்தம் கையை மட்டும் நம்பினால் தஞ்சைக்கு 1855-இல் நேர்ந்தது நமக்கும் நேரும். புரவலர் போனால் பாட்டும் போகும். நூறு வீடுகளிலிருந்து வரும் சிறுதொகை எளிதில் வற்றாது. புரவலர் பெயரைப் பாட்டில் வைக்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை.

இச்சங்கத்தைத் தொடங்கிய பெரியோர் நம் பிள்ளைகள் கையில் ஏட்டைக் கொடுத்தார்கள். அந்த ஏட்டில் நம் தாளமும் எழுதப்பட வேண்டும். அடுத்து வரும் பொன்விழா மலரில், நம் ஊர்ப் பறையடிகளின் தொகுப்பு ஒன்று அச்சாகியிருக்க வேண்டும்; நம் பிள்ளை ஒருத்தி கச்சேரி மேடையில் பாடிய செய்தியும் அதே மலரில் இடம்பெற வேண்டும். இரண்டும் நம்முடையவை. இரண்டையும் பெறுவதற்கு உழைப்போம்.